பாரிஸ் பூயோன் ஷார்த்தியே: அந்த வரிசையில் நிற்பது வீணா?

#1 வழிப்போக்கன்

அம்மா, அப்பா இருவரையும் கூட்டிக்கொண்டு போன மாதம் பாரிஸ் போய் வந்தேன். முழுப் பயணக் கட்டுரை எழுதப் போவதில்லை, ஈஃபிள் கோபுரத்துக்கு இங்கே ஏற்கெனவே ஏகப்பட்ட இழைகள் உண்டு. ஒரே ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும். ஊர் திரும்பியும் வீட்டில் அந்த வழக்கு ஓயவில்லை.

கடையின் பெயர் பூயோன் ஷார்த்தியே. (பூயோன் என்றால் இறைச்சிச் சாறு. அதை விற்றுத் தொடங்கிய மலிவுச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அதே பெயர்.) 9ஆம் வட்டாரம், ஃபோபூர் மொன்மார்த்ர் தெரு, 7ஆம் எண். கிரான் பூல்வார் மெட்ரோ நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். ஃப்ரெடெரிக், கமீல் என்ற ஷார்த்தியே சகோதரர்கள் 1896இல் தொடங்கியது. முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் போனது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. முற்றத்தைத் தாண்டித் தெருவரை ஆட்கள். முக்கால் மணி நேரம் நின்றோம்.

சுழல் கதவைத் தள்ளி உள்ளே போனதும் அப்பாவே ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். எங்கேயோ இருக்கும் கண்ணாடிக் கூரை, உருண்டை விளக்குகள், சுவர் முழுக்க ஆடிகள், மேலே ஒரு மாடம், மேசைகளுக்கு மேலே தொப்பியும் கோட்டும் வைக்கப் பித்தளைத் தட்டுகள். ஓரத்தில் எண் போட்ட சின்னச் சின்ன மர இழுப்பறைகள். அந்தக் காலத்தில் தினமும் சாப்பிட வருபவர்கள் தங்கள் கைத்துண்டை அதில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்களாம். எங்களை ஏற்கெனவே இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் உட்கார வைத்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரிமாறுபவர் பல பைகள் வைத்த கறுப்பு அரைக்கோட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை ஏப்ரன். மேசையில் விரித்த காகிதத்திலேயே நாங்கள் கேட்டதை எழுதிக்கொண்டார். கடைசியில் அங்கேயே விலைகளைப் போட்டுக் கூட்டினார். ஃபிரெஞ்சுக்காரர்கள் 1 எழுதினால் மேலே இருந்து ஒரு நீளக் கொக்கி இழுப்பார்கள், 7க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவார்கள். அப்பா எல்லா 1ஐயும் 7 என்று படித்து, "கணக்கு எங்கேயோ இடிக்குதே" என்று எழுந்துவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சாப்பிட்டது: முட்டை மயோனைஸ், வினிகர்ச் சாறு ஊற்றிய லீக்ஸ் (வெங்காய இனக் கீரை) தண்டு, அப்பாவுக்கு வறுத்த கோழியும் ஃபிரெஞ்சு ஃபிரைஸும், அம்மாவுக்கு மீன், எனக்கு வாத்துக்கால் கோன்ஃபி, பங்கு போட்டுக்கொள்ள ப்ரோஃபித்ரோல் என்ற இனிப்பு ஒன்று. மூன்று பேருக்கும் சேர்த்து 60 யூரோவை ஒட்டி வந்தது. பாரிஸில் இது மலிவு.

அப்பாவின் தீர்ப்பு: "சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. ஆனா வறுத்த கோழிக்கு முக்கால் மணி நேரம் நின்னது நம்ம பரம்பரையிலேயே நான்தான்." அம்மாவின் தீர்ப்பு: பயணத்திலேயே பிடித்த இடம் அதுதான், அருங்காட்சியகங்களைவிட. நான் அம்மா பக்கம். நீங்கள்?

#2 தக்காளிச்சட்னி

நான் அப்பா கட்சி.

ஷார்த்தியே என்றில்லை, பூயோன் மோகமே இப்போது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. 2017இல் பிகாலில் ஒன்று, 2021இல் ரெப்யூப்ளிக்கில் ஒன்று. ஷார்த்தியே பெயரிலேயே மொன்பர்னாஸிலும் கிழக்கு ரயில் நிலையத்துக்கு எதிரிலும் கிளைகள். எல்லாவற்றின் வாசலிலும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம். பழைமையும் நல்ல வியாபாரச் சரக்குதான்.

அதே 20 யூரோவுக்கு வார நாளில், மதிய நேரத்தில், ஏதாவது குடியிருப்புத் தெருவில் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதி வைத்திருக்கும் சின்ன பிஸ்த்ரோவுக்குப் போங்கள். இரண்டு பதம் (கோர்ஸ்), சில சமயம் மூன்று. சமைப்பவர் காலையில் சந்தையில் என்ன கிடைத்ததோ அதைச் செய்திருப்பார். பக்கத்து அலுவலகத்து ஆட்கள் வந்து சாப்பிடுவார்கள். பாரிஸ் சாப்பாடு அதுதான். கூரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது தேவாலயத்துக்குப் போய்ப் பார்க்கலாம், இலவசம்.

#3 பாரிஸ்10

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கே பாரிசில் கனகாலம். முதலில் கோப்பை கழுவி, பிறகு காய்கறி வெட்டி, இப்போது ஒரு உணவகத்தில் சமையல். (எந்த உணவகம் என்று கேட்க வேண்டாம். இங்கே கதைக்கிற எதுவும் இல்லை.) எண்பதுகளில் இருந்து வந்த எங்கட ஆட்கள் கன பேர் இந்த நகரத்தின் சமையலறைகளில்தான் காலூன்றினார்கள். நீங்கள் சாப்பிடுகிற "அசல் ஃபிரெஞ்சு" வாத்துக்காலை ஓவனில் வைத்து எடுக்கிற கை வல்வெட்டித்துறைக் கையாக இருக்கலாம்.

தக்காளிச்சட்னி சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பிஸ்த்ரோவையும் பூயோனையும் ஒரே தராசில் வைக்கிறது பிழை. பிஸ்த்ரோவில் முப்பது நாற்பது பேருக்குச் சமையல். ஷார்த்தியே போன்ற மண்டபத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேலே. இந்த இரண்டு சமையலறையும் வேலை செய்கிற விதமே வேறு. ஆயிரம் பேருக்குப் போடுகிற இடத்தில் நல்லாக வருகிறது எது? காலையிலேயே செய்து குளிரவைத்தது, மணிக்கணக்காக அடுப்பில் கிடந்தது, கொழுப்பில் ஊறிக் கிடந்து கடைசியில் சூடேறுகிறது. கோன்ஃபி அப்படித்தான். வாத்துக்காலை உப்பில் வைத்து, அதன் சொந்தக் கொழுப்பிலேயே சின்னச் சூட்டில் வேகவைத்து, அதே கொழுப்பில் மூடி வைத்துவிடுவார்கள். நீங்கள் கேட்டவுடன் தோல் மொறுமொறுவென்று வரும்வரை ஓவனில். அதைக் கெடுக்கிறது கஷ்டம். மாட்டிறைச்சியை வைனில் போட்டு வேகவைக்கிற பூர்கின்யோனும் அப்படியே, இன்று செய்ததைவிட நாளைக்கு ருசி.

கெடுக்கக்கூடியது ஸ்டேக். அதுவும் எங்கட ஆட்கள் வந்தால் "நல்லா வேகவைத்துத் தா" என்பார்கள். மெல்லிய மலிவு ஸ்டேக்கை நல்லா வேகவைத்தால் செருப்புத்தோல். சமைக்கிறவனுக்கும் மனம் வராது, சாப்பிடுகிறவருக்கும் பல்லு நோகும். ரத்தம் தெரியக்கூடாது என்றால் ஸ்டேக் பக்கமே போகாமல் குழம்பு வகை எடுங்கோ.

#4 மிளகுரசம்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கடையில் என்ன கிடைக்கும்? முட்டை சரி. மீன் கிடையாது.

#5 புதுவைக்காரி

@மிளகுரசம், முன்பதம் வரைக்கும் ராஜபோகம், நடுப்பதத்தில்தான் திண்டாட்டம். துருவிய கேரட் சாலட், செலரிக் கிழங்கை மெல்லிசாகச் சீவிக் கடுகு மயோனைஸில் புரட்டிய ரெமுலாத், லீக்ஸ், முட்டை மயோனைஸ், இவை பூயோன்களின் நிரந்தர அயிட்டங்கள். நடுப்பதத்தில் சைவம் மிகக் குறைவு. நான் செய்வது: மூன்று முன்பதம், ஒரு தட்டு ஃபிரெஞ்சு ஃபிரைஸ், அப்புறம் சீஸ், இனிப்பு. வயிறு நிறைந்துவிடும், செலவும் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத இறைச்சியில்தான் கவனம் தேவை. வெங்காய சூப் என்றால் வெங்காயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கமாக அது மாட்டெலும்புச் சாறு. பயறு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கும். பல சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், கடுமையாகப் பார்ப்பவர்கள் அதையும் தவிர்க்கலாம். "ஸான் வியாந்த்" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித் துணுக்கை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள். அதனால் மீன் இல்லாமல், பன்றி இல்லாமல், இறைச்சிச் சாறு இல்லாமல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். என் பெரியப்பா குடும்பம் புதுச்சேரியிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டது. பெரியம்மா இன்றைக்கும் ஒவ்வொரு தட்டையும் விசாரணை நடத்திவிட்டுத்தான் தொடுவார்.

இன்னொன்று. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்", மாலையென்றால் "போன்ஸ்வார்". இதைச் சொல்லாமல் நேரே "டேபிள் ஃபார் ஃபோர்" என்றால் முகம் இறுகிவிடும். அவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நம்மாட்கள் எழுதுகிற கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

#6 தக்காளிச்சட்னி

> ஆயிரம் பேருக்குப் போடுகிற இடத்தில் நல்லாக வருகிறது எது?

பாரிஸ்10 அண்ணா சொல்வது நியாயம். ஆனால் அதுவே என் வாதமும். சாதாரணச் சாப்பாட்டை மலிவாகப் போடும் இடம் என்றால் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே. "பாரிஸில் கட்டாயம் சாப்பிட வேண்டிய" பட்டியல்களில் முதல் இடத்தில் ஏன் தூக்கி வைக்கிறார்கள்? அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நாக்கு சொக்கிப்போகும் என்று வருபவர் என்ன ஆவார்? வெந்த முட்டை மேல் மயோனைஸ். அதற்கு வீடியோ வேறு.

#7 காவிரிக்கரை

வெந்த முட்டையை இளக்காரமாகப் பேசாதீர்கள், அதற்கு ஃபிரான்ஸில் பாதுகாப்புச் சங்கமே இருக்கிறது. க்ளோத் லெபே என்ற உணவு விமர்சகர் தொடங்கியது. சில ஆண்டுகளாக முட்டை மயோனைஸுக்கு உலகக் கோப்பைப் போட்டியே நடத்துகிறார்கள். மஞ்சள் கரு சரியாகக் கட்டியிருக்க வேண்டும், ஓரம் சாம்பல் பூத்திருக்கக் கூடாது, மயோனைஸ் வழிந்து ஓடாமல் முட்டையைப் போர்த்தியபடி நிற்க வேண்டும். செய்து பாருங்கள், தெரியும்.

பட்டியல்களை விடுங்கள். பூயோன் எதற்காக வந்தது என்று பார்த்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

தொடங்கியவர் ஒரு கசாப்புக்கடைக்காரர், பத்தீஸ்த் அடோல்ஃப் துவால். 1855இல், லே ஆல் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், மொனே தெருவில். இறைச்சியில் நல்ல துண்டுகள் வசதியான வீடுகளுக்குப் போய்விடும். மிச்சத்தை என்ன செய்வது? எலும்பையும் கடினமான துண்டுகளையும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சாறு எடுத்தார். சாறு ஒரு கிண்ணம், வெந்த இறைச்சி ஒரு தட்டு. விடியற்காலையிலிருந்து மூட்டை தூக்கிய சந்தைத் தொழிலாளிக்குச் சூடாக, மலிவாக ஒரு வேளைச் சாப்பாடு. பாரிஸையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊரெங்கும் கூலியாட்கள், எல்லோருக்கும் பசி.

துவாலின் கெட்டிக்காரத்தனம் சாற்றில் மட்டும் இல்லை. விலையை அச்சடித்து வைத்தார், பேரம் இல்லை. இடத்தைச் சுத்தமாக வைத்தார். கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி போட்ட பெண்களைப் பரிமாற வைத்தார். ஓவியர் ரெனுவார் 1875 வாக்கில் துவால் கடைப் பணிப்பெண் ஒருத்தியை வரைந்திருக்கிறார், படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி விலை, ஊர் முழுக்கக் கிளை. உணவகச் சங்கிலி என்பதற்கு உலகிலேயே முந்தைய உதாரணங்களில் இது ஒன்று. 1900 வாக்கில் பாரிஸில் இருநூற்று ஐம்பது பூயோன்கள் வரை இருந்ததாகச் சொல்வார்கள்.

ஷார்த்தியே சகோதரர்கள் இந்த அலையில் வந்தவர்கள். அவர்கள் செய்தது, அதே ஏழை விலையில் பணக்காரக் கூரையைக் கொடுத்தது. வேலை முடிந்து வரும் தையல்காரரும் குமாஸ்தாவும் பெரிய மனிதர்கள் உட்காரும் மாதிரியான மண்டபத்தில் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். அந்தக் கூரை அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, விற்ற சரக்கில் பாதி அதுதான். 1989இல் கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். உள்ளே ஒரு பெரிய இயற்கைக் காட்சி ஓவியம் இருக்கிறது, கவனித்தீர்களா வழிப்போக்கன்? ஜெர்மோன் என்ற ஓவியர் 1929இல் சாப்பாட்டுக் கடனை அடைக்க வரைந்து கொடுத்தது என்பது கடையின் கதை.

ஆகவே, "இங்கே சாப்பாடு உலகத்தரமா?" என்பது கேள்வியே இல்லை. தெருவில் போகிற யாரும் நல்ல மேசையில் உட்கார்ந்து மூன்று பதம் சாப்பிட்டுவிட்டுக் கட்டுப்படியாகும் விலை கொடுத்துவிட்டுப் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. நூற்று முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் முடிகிறது.

#8 வழிப்போக்கன்

ஓவியத்தைப் பார்த்தேன், கடன் கதை தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். "படம் வரையத் தெரிஞ்சிருந்தா நானும் வரிசையில நிக்காம கடன் சொல்லிச் சாப்பிட்டிருப்பேன்" என்கிறார். இவரை ஒன்றும் செய்ய முடியாது.

மேசையைப் பகிர்வது பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்குமே, அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எங்கள் எதிரில் இருந்த முதிய தம்பதி கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து "போன்னப்பெத்தி" (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்றார்கள், அம்மா கை கூப்பினார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பாட்டி தன் தட்டில் மிச்சமிருந்த சாஸை ரொட்டித் துண்டால் துடைத்து எடுத்து வாயில் போட்டதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நிமிடம் அம்மாவும் துடைத்தார். அப்பாவுக்கும் துடைத்துக் கொடுத்தார்.

#9 சுருட்டைமுடி

எனக்கு இந்த மாதிரி நல்ல கடை வாய்க்கவில்லை. பெயர் வேண்டாம், எல்லோரும் படம் எடுக்கப் போகும் ஒரு இடத்துக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் ஒருவர் நின்றுகொண்டு "நமஸ்தே, நமஸ்தே" என்று கூப்பிட்டார். ஆறு மொழியில் மெனு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் புகைப்படம். உட்கார்ந்ததும் கேட்காமலே பெரிய பாட்டில் தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டார்கள், பில்லில் 8 யூரோ. வெங்காய சூப் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று சத்தியம் பண்ணுவேன். போதாததற்குப் பரிமாறியவர் அட்டை இயந்திரத்தை நீட்டி "சர்வீஸ் சேர்க்கவில்லை" என்றார். 15 சதவீதம் அழுதேன். அங்கே சட்டம் என்ன?

#10 பாரிஸ்10

ஐயோ, அது சுத்தப் பொய். 1987ஆம் ஆண்டு விதிப்படி மெனுவில் போடுகிற விலைக்குள்ளேயே சர்வீஸ் அடங்க வேண்டும். வரியும் அதற்குள்ளேதான், சாப்பாட்டுக்கு 10 சதவீதம், மதுவுக்கு 20. மெனுவில் போட்ட தொகைதான் நீங்கள் கட்டுகிறது, ஒரு சதமும் கூட இல்லை. மனம் நிறைந்தால் சில்லறை இரண்டு மூன்று யூரோ மேசையில் விடலாம். விடாவிட்டாலும் ஒருவரும் முறைக்க மாட்டார்கள். "சேர்க்கவில்லை" என்று உங்களைப் பார்த்துச் சொன்னவர் பக்கத்து மேசை ஃபிரெஞ்சுக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தண்ணீரும் அப்படியே. "யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையில் வரும், காசில்லை. ரொட்டிக்கும் காசில்லை. 2022 தொடக்கத்தில் இருந்து குடிதண்ணீர் இலவசம் என்பதை மெனுவிலோ சுவரிலோ எழுதி வைக்க வேண்டும் என்றும் சட்டம். கேட்காமல் திறந்த பாட்டிலை அப்போதே திருப்பி அனுப்புங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடை தெரிவுசெய்ய இன்னொரு வழி. சட்டிக்கு மேலே வீட்டுக்கூரை மூடி மாதிரி ஒரு சின்னம் மெனுவில் இருக்கும். 2014இல் வந்தது. அந்தச் சாப்பாட்டைப் பச்சைப் பொருட்களில் இருந்து அங்கேயே சமைத்தார்கள் என்று பொருள். எல்லாச் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் அது இருக்காது. மெனு முழுக்கத் தேடியும் ஒன்றுகூட இல்லை என்றால் யோசியுங்கோ. ஐம்பது அறுபது சாப்பாடு எழுதின மெனு, பின்னால் சமையலறை குளியலறை அளவு, அப்படி என்றால் உறைபெட்டிதான் சமைக்கிறது.

#11 காவிரிக்கரை

வாசலில் ஆள் நின்று கூப்பிட்டாலே நகர்ந்துவிட வேண்டும். நல்ல கடைக்கு நீங்கள் தேவையில்லை, உங்களுக்குத்தான் அந்தக் கடை தேவை. பில்லையும் நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். நம்மூரில் கடைசி வாய் உள்ளே போவதற்குள் பில் வந்துவிடும், அங்கே சாப்பிட்டு முடித்தவரை எழுப்புவது மரியாதைக் குறைவு. பூயோன்களில் மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பு. வரிசை நிற்கிறதே.

#12 மிளகுரசம்

புதுவைக்காரிக்கு நன்றி. ஒவ்வொன்றாகக் கேட்கும் பட்டியலைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டேன். கூட வரும் நண்பன் எதையும் தின்பவன். அவன் ஆந்துயெத் என்று ஒன்று சாப்பிடப் போகிறானாம். சரிதானே?

#13 பாரிஸ்10

அவர் பக்கத்தில் நீங்கள் உட்காராதீர்கள்.

#14 தக்காளிச்சட்னி

ஹாஹா. பன்றிக் குடலைப் பன்றிக் குடலுக்குள்ளேயே திணித்துச் செய்வது. தட்டு மேசைக்கு வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். வீட்டில் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்கே முதல் வாய் ஒரு சோதனை. நாம் மஞ்சள், மிளகு, இஞ்சி எல்லாம் போட்டு அந்த வாடையை அடக்குகிறோம், அவர்கள் அதை அப்படியே விட்டுவைத்துக் கடுகு சாஸோடு கொண்டாடுகிறார்கள். இரண்டாவது வாயிலிருந்து பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆந்துயெத்துக்கு ஐந்து 'ஏ' எழுத்து முத்திரை கொடுக்க ரசிகர் சங்கம் இருக்கிறது. முட்டைக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று. இந்த நாட்டில் சங்கம் இல்லாத சாப்பாடே இல்லை போல.

உள்ளுறுப்பு பிடித்தவர்கள் பாரிஸோடு நிற்காமல் லியோன் போங்கள் என்பதுதான் என் யோசனை. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கே பூஷோன் என்று சின்னச் சின்னக் கடைகள், சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணி, தோளோடு தோள் இடிக்கும் நாற்காலி. பட்டுத் தறிக்காரர்களின் ஊர் அது. விடியலில் வேலைக்குப் போனவர்கள் காலை ஒன்பது மணிக்கே குடல், பன்றித் தொத்திறைச்சி, வைன் என்று உட்கார்ந்த வழக்கம் இன்னும் சில கடைகளில் ஓடுகிறது. வைன் 46 சென்டிலிட்டர் பிடிக்கும் தடித்த அடியுள்ள பாட்டிலில் வரும். ஆற்று மீனை அரைத்து மாவோடு சேர்த்துச் செய்யும் கெனெல், நன்னீர்ச் சிங்கி இறால் வாசனைச் சாஸில் உப்பி நிற்கும், அதற்காகவே போகலாம். போலிகள் பெருகிவிட்டதால் 2012 முதல் தகுதியான கடைகளுக்கு ஒரு முத்திரை கொடுக்கிறார்கள். கதவில் பார்த்துவிட்டு நுழையுங்கள். மிளகுரசம், உங்களுக்கும் ஒன்று உண்டு: பூண்டு, வெங்காயத்தாள், வினிகர் சேர்த்துக் கடைந்த தயிர்ப்பாலாடை. பெயரில் மூளை வரும், தட்டில் வராது.

#15 புதுவைக்காரி

லியோன் வரை போக நேரம் இல்லாதவர்களுக்கு: வரிசையும் வேண்டாம், கூரையும் வேண்டும் என்றால் பூயோன் ஜூலியன். 10ஆம் வட்டாரம், ஃபோபூர் சான் தெனி தெரு, 16ஆம் எண். 1906இல் கட்டியது, மேசையை முன்பதிவு செய்யலாம். நான்கு பருவங்களைப் பூச்சூடிய நான்கு பெண்களாக வரைந்த கண்ணாடிச் சுவர்கள். என் கண்ணுக்கு ஷார்த்தியேவைவிட அழகு. விலை கொஞ்சம்தான் கூடுதல். அதே தெருவைப் பிடித்து வடக்கே நடந்தால் கிழக்கு ரயில் நிலையம், வடக்கு ரயில் நிலையம் எல்லாம் தாண்டி நேராக லாச்சப்பல், நம்மாட்களின் கடைத்தெரு. புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். ஒரு முனையில் நத்தை, மறுமுனையில் இடியாப்பம், அரை மணி நேர நடை.

#16 பாரிஸ்10

அந்த நடையை நான் இரவு வேலை முடிந்து கனதரம் நடந்திருக்கிறேன். கடைசி மெட்ரோ போனபிறகு வேறு வழியில்லை.

#17 வீட்டுப்பறவை

இழை முழுவதையும் படித்தேன், வழக்கில் நான் அம்மா கட்சி. அடுத்த மாதம் போகிறோம். நான், கணவர், நான்கு வயதுப் பெண், மாமியார். மாமியார் முட்டையும் தொட மாட்டார். ஷார்த்தியேவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு? குழந்தை வண்டியை உள்ளே விடுவார்களா?

#18 பாரிஸ்10

மத்தியானம் 11.30க்குத் திறந்தால் நடுச்சாமம் வரை இடையில் மூடுகிறதில்லை. பாரிசில் மற்றக் கடைகள் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் ஏழுக்குத்தான் மறுபடி பற்றவைக்கும், ஆகவே இது பெரிய வசதி. வார நாளில் பின்னேரம் மூன்று மணிக்கு வாங்கோ. வரிசை சின்னதாக இருக்கும், பரிமாறுகிறவர்களும் கொஞ்சம் மூச்சுவிடுவார்கள். மேசைகளுக்கு நடுவில் ஒருக்களித்துத்தான் போக வேண்டும், மடக்கக்கூடிய சின்ன வண்டியாகக் கொண்டு வாங்கோ.

மாமிக்கு மயோனைஸும் ஆகாது என்றால் முட்டையும் செலரியும் போய்விட்டது. கேரட், லீக்ஸ், ஃபிரைஸ், ரொட்டி, ஐஸ்கிரீம் என்றால் அதிலும் முட்டை இருக்கா என்று கேட்டு. வேண்டாம், அவவுக்கு லாச்சப்பலில் முதலே தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு, இங்கே கோப்பியும் வேடிக்கையும் மட்டும் கொடுங்கோ.

#19 வீட்டுப்பறவை

மூன்று மணி குழந்தை தூங்கும் நேரம். சரி, அவள் தூங்கட்டும், நாங்கள் சாப்பிடுகிறோம்.

#20 வழிப்போக்கன்

அப்பா கேட்கச் சொன்னார்: மூன்று மணிக்கு வரிசை இல்லை என்பது இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?